கயிற்றின் மறுமுனையில் இருப்பவர்

வாசகர் கடிதம்: கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து, கூட்டுறவுச் சங்கமொன்றில் செயலாளராக இருந்து விருப்ப ஓய்வு பெற்ற 56 வயது அன்பர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது.

"கல்லூரி அணியில் 400 மீட்டர் ஓடிக்கொண்டிருந்த என் ஒரே மகள் இரண்டு ஆண்டுகளுக்கு முன் சாலை விபத்தில் இறந்துவிட்டாள். அன்றிரவே அவளுடைய கண்களைத் தானம் செய்தோம். பள்ளி நாள் முதல் அவளும் நானும் விடியற்காலையில் தடப்பள்ளி வாய்க்கால் கரையில் சேர்ந்து ஓடுவோம். நண்பர் ஒருவர் அழைத்ததால், ஞாயிறுதோறும் ஈரோட்டில் பார்வையற்ற இளைஞர்களுக்கு ஓட்டப் பயிற்சி அளிக்கும் குழுவுக்குத் தன்னார்வலராகப் போனேன். இரண்டாவது வாரம், பார்வையற்ற 19 வயதுப் பெண்ணோடு, இருவர் கையையும் இணைக்கும் கயிற்றைப் பிடித்து ஓடும்போது, என் மகளின் பெயரைச் சொல்லி 'பார்த்து வா கண்ணு' என்றுவிட்டேன். அந்தப் புள்ள சட்டென்று நின்றுவிட்டது. எனக்கும் பேச்சு வரவில்லை. பிறகு நான் போகவே இல்லை. என் துக்கத்துக்காக இவர்களைப் பயன்படுத்துகிறேனா? நினைவு நாளன்று மகளின் படம் அச்சிட்ட பனியன் கொடுத்து, பார்வையற்றவர்களை ஓடவைத்து நினைவு ஓட்டம் நடத்தலாம் என்கிறார்கள் உறவினர்கள். செய்யலாமா? அவள் கண்ணைப் பெற்றவர் யாரென்று அறிய வழியுண்டா? அவளுடைய ஸ்பைக்ஸ் (அடியில் முள் பதித்த) ஓட்டக் காலணி புதிதாகவே இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கும் அதே அளவுதான், கொடுக்கலாமா? மகளைக் கன்னித் தெய்வமாக வைத்துப் படைக்க வேண்டும் என்கிறாள் என் மனைவி. எனக்கு அதில் உடன்பாடில்லை. 'ஊரான் புள்ளைகளோட ஓடறதுக்கு நேரமிருக்குது, பெத்த புள்ளைக்குப் படையல் போட நேரமில்லீங்களா' என்று கேட்கிறாள். இப்போது தினமும் தனியாக 15 கிலோமீட்டர் ஓடுகிறேன். முட்டி சற்று வீங்கியிருக்கிறது."

அன்புள்ள ஐயாவுக்கு வணக்கம்.

நீங்கள் கேள்வியாகக் கேட்காமல், கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். வீங்கிய முட்டியோடு நாள்தோறும் 15 கிலோமீட்டர் ஓடுவது பயிற்சி அன்று. ஓடுகிற நேரத்தில் மட்டும் மனம் சற்று அடங்கியிருக்கிறது என்பதற்காகத் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகிறவர்களை என் ஆலோசனை அறையில் பலமுறை சந்தித்திருக்கிறேன். அவர்களுக்கு ஓட்டம் முதலில் மருந்தாக வருகிறது, நாளடைவில் அளவு மீறிய மருந்தாகிவிடுகிறது. எனவே முதல் வேலையாக எலும்பு மூட்டு மருத்துவரிடம் முட்டியைக் காட்டுங்கள். இன்னொருவரை வழிநடத்தி ஓடும் பொறுப்பை ஏற்கப்போகிறவர் என்ற முறையில் ரத்த அழுத்தத்தையும் இ.சி.ஜி.யையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பார்வையற்ற ஒருவரோடு கயிறு பிடித்து ஓடும்போது நீங்கள் மயங்கிச் சாய்ந்தால், அவரும் சேர்ந்துதான் விழுவார்.

இனி உங்கள் முதல் கேள்வி. துக்கத்துக்காக இவர்களைப் பயன்படுத்துகிறேனா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவுக்கு ஆம் என்பதே என் பதில், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டுக்குள் இருப்புக் கொள்ளாமல் வந்தவர்கள், எதையோ இழந்துவிட்டு வந்தவர்கள், ஓய்வு பெற்றபின் பொழுது போகாமல் வந்தவர்கள் என்று எல்லாத் தன்னார்வக் குழுக்களிலும் ஆட்கள் இருக்கிறார்கள். நீங்கள் எதற்காக வந்தீர்கள் என்பது ஓடுகிறவருக்குப் பெரிய விஷயமில்லை. ஓடும் அந்த அரை மணி நேரம் உங்கள் கவனம் எங்கே இருக்கிறது என்பதுதான் அவருக்கு வேண்டியது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, ஒருவரைக் கீழே விழவைத்துத் தெரிந்துகொண்டேன். கோவையில் சில ஆண்டுகளாக நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வையற்றவர்களுக்கு வழித்துணையாக ஓடுகிறேன். என் தந்தை இறந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரத்தில், ஒரு விடியற்காலையில், முப்பது வயதுள்ள ஒருவரோடு சாலையோரமாக ஓடிக்கொண்டிருந்தேன். வழியிலிருந்த தேநீர்க் கடையில், பாய்லருக்குப் பக்கத்தில், என் தந்தையைப் போலவே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு தோளைச் சாய்த்தபடி ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான்கைந்து நொடிகள் அவரையே பார்த்திருப்பேன். சாக்கடை மேல் மூடியிருந்த பலகைக்கல் ஒன்று துருத்திக்கொண்டிருந்ததை நான் சொல்லவில்லை. என்னோடு ஓடியவர் தடுக்கி விழுந்ததில் இரண்டு உள்ளங்கைகளும் சிராய்ந்துவிட்டன. கையை உதறிக்கொண்டே அவர் சொன்னார்: "கல்லு இருந்தது எனக்குத் தெரியாதுங்க சார். ஆனா நீங்க பேச்சை நிறுத்துனதுமே, நீங்க இங்க இல்லைன்னு தெரிஞ்சுபோச்சுங்க."

ஈரோட்டில் நடந்ததையும் இந்தக் கோணத்திலிருந்து பாருங்கள். அந்தப் பெண் மனம் புண்பட்டு நின்றுவிட்டதாக நீங்கள் எண்ணி வருந்துகிறீர்கள். அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. தன் பெயர் அல்லாத ஒரு பெயரோடு 'பார்த்து வா' என்ற எச்சரிக்கை காதில் விழுந்தால், அது தனக்கா, குறுக்கே வரும் வேறு யாருக்காவதா என்று கண் தெரியாதவர் எப்படி முடிவு செய்வார்? தெரியாதபோது நின்றுவிடுவதுதான் நல்ல பயிற்சி பெற்றவரின் அடையாளம். ('பார்த்து' என்ற சொல்லுக்காக மனத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 'நேத்து கிரிக்கெட் பார்த்தேன்' என்று அவர்களே இயல்பாகச் சொல்வார்கள்.) அவர் நின்றது பிழையன்று. நின்றபின் நீங்களும் வாய் திறக்காமல் நின்றதுதான் பிழை. உங்கள் முகம் அவருக்குத் தெரியாது, மௌனம் மட்டும்தான் தெரியும். பிறகு நீங்கள் வராமலே போனதற்கு அவர் என்ன காரணத்தைக் கற்பித்துக்கொண்டிருப்பார் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

ஆகவே திரும்பப் போங்கள். குழுவின் பயிற்சியாளரும் உடனிருக்கும்போது, அந்தப் பெண்ணிடம் உங்கள் பெயரைச் சொல்லி, "என் மகளை இரண்டு வருடத்துக்கு முன் இழந்துவிட்டேன், அன்று அவள் பெயர் வாயில் வந்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். இவ்வளவு போதும். விபத்து, மருத்துவமனை, கண்தானம் எல்லாவற்றையும் அவரிடம் இறக்கிவைக்க வேண்டாம். உங்களுக்கு ஆறுதல் சொல்லும் வேலைக்காக அவர் மைதானத்துக்கு வரவில்லை. அடுத்த சில மாதங்களுக்கு உங்களை வயதுவந்த ஆண் ஒருவரோடு இணைக்கும்படி பயிற்சியாளரிடம் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். மகள் வயதுப் பெண்ணோடு, மகளோடு ஓடிய அதே விடியற்காலை நேரத்தில், மகளோடு ஓடிய அதே வேகத்தில் ஓடினால் பெயர் தவறி வராமல் இருந்தால்தான் வியப்பு.

மைதானத்தில் 'கைடு' என்றே அழைக்கப்படும் இந்த வழித்துணையின் வேலை என்ன என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு வாரத்தில் உங்களுக்கு இதைச் சரியாகச் சொல்லித்தர யாருக்கும் நேரம் இருந்திருக்காது. மாற்றுத்திறனாளிகளுக்கான பாரா தடகளத்தில் பார்வையின்மைக்கு மூன்று பிரிவுகள் உண்டு. அறவே பார்வையில்லாத, அல்லது மிக மங்கலாக வெளிச்சம் மட்டும் உணரக்கூடியவர்கள் டி11 பிரிவில் ஓடுகிறார்கள். எல்லோரும் சமநிலையில் இருப்பதற்காக அவர்கள் கண்ணை மறைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும், வழித்துணையும் கட்டாயம். டி12 பிரிவில் வழித்துணை விருப்பம், டி13 பிரிவில் கிடையாது. இருவரையும் இணைக்கும் கயிறு அதிகபட்சம் 30 சென்டிமீட்டர், இழுத்தால் நீளாத பொருளால் ஆனது. வழித்துணை முன்னால் போய் இழுக்கவோ, பின்னாலிருந்து தள்ளவோ கூடாது. எல்லைக்கோட்டை முதலில் தாண்ட வேண்டியவர் ஓட்டக்காரர், வழித்துணை அவருக்குப் பின்னால்தான். கயிறு பிடித்த கைகள் இரண்டும் ஒரே நேரத்தில் முன்னும் பின்னும் போக வேண்டும் என்பதால், கண்ணாடியில் தெரியும் உருவத்தைப் போல உங்கள் இடக்கால் அவருடைய வலக்காலோடு சேர்ந்து எழ வேண்டும். முதல் ஒரு வாரம் இந்த ஒன்றை மட்டும், ஓடாமல் நடந்தே பழகுங்கள். ஒருநாள் உங்கள் கண்ணையும் துண்டால் கட்டிக்கொண்டு, வேறொருவர் வழிநடத்த நூறு மீட்டர் ஓடிப் பாருங்கள். 'அங்கே', 'இந்தப் பக்கம்' போன்ற சொற்கள் எவ்வளவு பயனற்றவை என்பதும், 'பத்தடியில் இடது வளைவு', 'இப்போது மேடு' என்பவை எவ்வளவு நிம்மதி தருபவை என்பதும் அப்போது விளங்கும். வந்ததும் பெயர் சொல்லுங்கள், விலகும்போது போகிறேன் என்று சொல்லிவிட்டு விலகுங்கள், கையைப் பிடித்து இழுக்காமல் உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளக் கொடுங்கள்.

வழித்துணையின் உடம்பு ஓடுகிறவரின் சொத்து என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2024 செப்டம்பரில் பாரிஸ் பாராலிம்பிக்ஸ் மகளிர் மாரத்தானில், டி12 பிரிவில், ஸ்பெயினைச் சேர்ந்த எலெனா கொங்கோஸ்ட் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார். எல்லைக்கோடு சில மீட்டர் தொலைவில் இருந்தபோது அவருடைய வழித்துணைக்குத் தசைப்பிடிப்பு ஏற்பட்டுத் தடுமாற, அவரைத் தாங்கிப் பிடிப்பதற்காக எலெனா ஒரு கணம் கயிற்றை விட்டுவிட்டார். அதற்காக அன்று அவரைத் தகுதி நீக்கம் செய்தார்கள். அந்தத் தீர்ப்பு எனக்கு இன்றுவரை உவப்பாக இல்லை. ஆனாலும் உங்கள் முட்டியைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த ஓட்டம்தான்.

வழித்துணையாக இருப்பவர், ஓடுகிறவரைவிட வேகமாக ஓடக்கூடியவராகவும், ஓடிக்கொண்டே தொடர்ந்து பேச மூச்சு மிச்சம் உள்ளவராகவும் இருக்க வேண்டும். 400 மீட்டர் ஓடும் இளைஞருக்கு நீங்கள் ஈடுகொடுக்க முடியாது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், நிதானமாக ஐந்து கிலோமீட்டர் ஓட விரும்பும் நடுவயதினருக்கும் உங்களைப் போன்றவர்தான் வேண்டும். வேகமான வழித்துணைகளுக்குத்தான் பயிற்சிக் குழுக்களில் பஞ்சம். உங்கள் மகளோடு கல்லூரியில் ஓடிய தோழியரில் இரண்டு பேர் மாதத்தில் இரண்டு ஞாயிறு வந்தால், அது பயிற்சியாளருக்குப் பெரிய உதவியாக இருக்கும். 'அவளுக்காக வாருங்கள்' என்று அழைக்காமல், ஓடுவதற்காக வாருங்கள் என்று அழையுங்கள். அவளுக்காக வருகிறவர்கள் முதல் ஆண்டோடு நின்றுவிடுவார்கள்.

இழப்பு கயிற்றின் உங்கள் முனையில் மட்டும் இருப்பதாகவும் எண்ண வேண்டாம். கர்நாடகத்தின் சிக்கமகளூரு மாவட்டத்தைச் சேர்ந்த ரக்‌ஷிதா ராஜு பார்வையின்றிப் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, பாட்டியின் கையில் வளர்ந்தவர். 2023 அக்டோபரில் ஹாங்சோவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டுப் போட்டியில், வழித்துணை ராகுல் பாலகிருஷ்ணாவோடு ஓடி, 1500 மீட்டரில் தங்கம் வென்றார். அடுத்த ஆண்டு பாரிஸிலும் ஓடினார். உங்களோடு ஓடுகிறவர் யாரை இழந்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. அவர் சொன்னால் கேளுங்கள், நீங்களாகத் தோண்டாதீர்கள்.

நினைவு ஓட்டத்தைப் பொறுத்தவரை, உறவினர்களின் அன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் உங்கள் மகளின் படம் அச்சிட்ட பனியனை அணிந்து ஓடும் பார்வையற்ற வீரர், அந்தப் படத்தைப் பார்க்க முடியாத ஒரே ஆளாக அந்தக் கூட்டத்தில் இருப்பார். யாருக்காக அந்தப் படம்? நம் பக்கத்துப் பழைய வண்டித்தடங்களில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக, இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்து, ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவாக நிறுத்திவைப்பார்கள். சந்தைக்குத் தலைச்சுமையோடு நடந்தவர்கள், இறக்கிவிடவும் தூக்கிவிடவும் ஆளில்லாமலே அதன்மேல் சுமையை வைத்து இளைப்பாறுவார்கள். யாருக்காக நட்ட கல் என்று விசாரித்துக்கொண்டு எவரும் சுமையை இறக்கியதில்லை, நட்ட குடும்பமும் அதை எதிர்பார்த்ததில்லை. உங்களிடம் பணம் இருந்தால், அதைப் பனியனிலும் மேடையிலும் போடுவதைவிட, பயிற்சியாளரிடம் போய் என்ன குறைகிறது என்று கேளுங்கள். வெளியூர்ப் போட்டிக்குப் பார்வையற்ற வீரர் ஒருவர் போக வேண்டுமென்றால் இரண்டு பேரின் போக்குவரத்தும் சாப்பாடும் தங்குமிடமும் வேண்டும். ரயில் கட்டணத்தில் உடன் செல்பவருக்கும் சலுகை உண்டு என்றாலும் மற்றச் செலவுகள் வழித்துணையின் கைக்காசிலிருந்துதான் பெரும்பாலும் போகின்றன. குடும்பத்தார் ஓடத்தான் வேண்டும் என்றால், நீங்களும் உறவினர்களும் அவள் தோழியரும் வாய்க்கால் கரையில் ஓடுங்கள், படம் போட்ட பனியனை நீங்கள் அணிந்துகொள்ளுங்கள்.

கண்ணைப் பெற்றவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டீர்கள். முடியாது. கொடுத்தவர் யார் என்று பெற்றவருக்கோ, பெற்றவர் யார் என்று கொடுத்த குடும்பத்துக்கோ தெரிவிக்காமல் இருப்பதே கண் வங்கிகளின் நடைமுறை. அது இரு தரப்புக்கும் நல்லது. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுக்கச் சம்மதித்திருக்கிறீர்கள், அந்த இரவில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு தவிப்பு ஓடுவதையும் கவனித்தேன்: பார்வையற்ற இந்த இளைஞர்களிடையே எங்கோ அவள் கண்கள் இருக்கும், அல்லது அவள் கண்களால் இவர்களில் ஒருவருக்குப் பார்வை வந்திருக்கலாம் என்ற தவிப்பு. தானமாகப் பெறும் கண்ணிலிருந்து பொருத்தப்படுவது முன்புறத்தில் இருக்கும் கருவிழிப்படலம் மட்டுமே. அந்தப் படலம் மங்கிப்போனதால் பார்வை இழந்தவர்களுக்குத்தான் அது பயன்படும். விழித்திரையிலோ பார்வை நரம்பிலோ கோளாறு உள்ளவர்களுக்கு அதனால் பயனில்லை. அவளால் பார்வை பெற்றவர் பயிற்சி மைதானத்துக்கு வரவேண்டிய தேவையே இல்லாமல், கோபியிலிருந்து சத்தியமங்கலத்துக்குப் போகும் பேருந்தில் சன்னலோர இருக்கையில் உட்கார்ந்திருக்கக்கூடும். மைதானத்தில் அவரைத் தேடாதீர்கள்.

உங்கள் மனைவியின் கேள்விக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தில் என்னை மிகவும் நிறுத்திய வரி அதுதான். துக்கப்படுகிறவர் இழப்பை நோக்கியும், அன்றாட வாழ்வை நோக்கியும் மாறிமாறிப் போய்வருவார் என்றும், இரண்டில் ஒன்றிலேயே தங்கிவிடாமல் இருப்பதே நலம் என்றும் ஸ்ட்ரோப், ஷூட் என்ற ஆய்வாளர்கள் 1999இல் விளக்கினார்கள். கணவன் மனைவி இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் இருப்பது அரிது. நீங்கள் வெளியே ஓடும்போது அவர் படத்தின் முன் உட்கார்ந்திருக்கிறார், அவர் பேச வரும்போது நீங்கள் களைத்துத் தூங்கிவிடுகிறீர்கள். இறந்தவரோடு உள்ள பற்றை அறுத்தெறிந்தால்தான் துக்கம் தீரும் என்ற பழைய கருத்தை எங்கள் துறையில் பலரும் கைவிட்டு நெடுநாள் ஆகிறது. உறவு வேறு வடிவில் தொடர்வது இயல்பு என்றே இப்போது சொல்கிறோம். மணமாகாமல் இறந்த பெண்ணுக்கு ஆண்டுக்கொருமுறை புதுத்துணி வைத்துப் படைக்கும் வீடுகள் தமிழ்நாட்டில் எத்தனையோ உண்டு. ஆய்வாளர்கள் இப்போது எழுதுவதை அந்த வீட்டுப் பெண்கள் எப்போதோ செய்துகொண்டிருந்தார்கள். உங்களுக்கு நம்பிக்கை இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பாவாடைத் துணி எடுக்க ஈரோட்டுக்கு அவரோடு கடைக்குப் போக முடியுமா, பவானி கூடுதுறைக்கு அடுத்த அமாவாசையன்று அவரோடு பேருந்தில் போய்வர முடியுமா என்பதுதான் கேள்வி. போங்கள். பதிலுக்கு அவர் மைதானத்துக்கு வர வேண்டும் என்று கேட்காதீர்கள்.

இரண்டு ஆண்டாகியும் அழுகை வருவது நோயன்று. ஆனால் பெரியவர்களுக்கு ஓராண்டைக் கடந்த பிறகும், ஏறத்தாழ ஒவ்வொரு நாளும், இறந்தவருக்கான ஏக்கம் வேறு எதையும் செய்யவிடாமல் ஆட்கொண்டிருந்தால், தன்னில் ஒரு பாதி செத்துவிட்டது போலவோ வாழ்வே பொருளற்றது போலவோ தோன்றிக்கொண்டிருந்தால், அதை நீடித்த துக்கக் கோளாறு என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022இல் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதற்குப் பேச்சு வழிச் சிகிச்சை உண்டு. உங்களுக்கு அது இருக்கிறதா என்று கடிதத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். நேரில் ஒரு மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ இருவருமாகப் பாருங்கள். தூக்கமில்லாத இரவில் இருப்புக் கொள்ளவில்லை என்றால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம், எந்த நேரமும் தமிழில் பேசுவார்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப்பார்த்தால், என் பதிலுக்கோ ஞாயிற்றுக்கிழமைக்கோ காத்திராமல் அன்றே போங்கள்.

கடைசியாக அந்தக் காலணி. அது உங்களுடையது மட்டுமல்ல. மனைவியைக் கேட்காமல் அலமாரியிலிருந்து எடுக்காதீர்கள். அவர் வேண்டாம் என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. சரி என்றால், முதலில் அடிப்பாகத்தை வளைத்துப் பாருங்கள், இரண்டு ஆண்டு கிடந்ததில் பசை காய்ந்து விட்டுப்போயிருக்கலாம். பிறகு பயிற்சியாளர் வழியாகக் கேளுங்கள், யாருடையது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு வசதியாக நீங்கள் அந்த இடத்தில் இல்லாமல் இருங்கள். அதே அளவு என்று எழுதியிருக்கிறீர்கள். அது நீங்களாகக் கண்ணால் பார்த்து முடிவு செய்ததா, அவரிடம் கேட்டதா என்று எழுதவில்லை. கேட்டுக்கொள்ளுங்கள்.